சம்பளமில்லாத லீவும் அரைப்படி துவரம்பருப்பும்

தணிகாசலம் செட்டியார் கடை முன்னால் ஐந்து பேர் நின்றிருந்தோம். என்னையும் சேர்த்துத்தான் ஐந்து. சொல்தா கன்னியப்பர் என் கடிதத்தை வாங்கி, முழங்கை மடங்காமல் நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினார். கடைக்குள் வெல்லப் பானையைச் சுற்றி ஈக்கள் பறக்கும் சத்தம் கேட்டது.

"இன்னா சொல்தா, எழுத்து ஓடுதா இல்லியா?" என்றார் செட்டியார்.

"அவசரப்படாதபா. சீமை எழுத்து, நிதானமாத்தான் வரும்."

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். கன்னியப்பர் சைகோனில் பதினைந்து வருஷம் இருந்தவர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பென்சன் வாங்குகிறவர். வில்லியனூர்க் கடைத்தெருவில் பிரெஞ்சு என்றால் அவர்தான். எனக்கும் பிரெஞ்சு படிக்கத் தெரியும். ஆனால் அது என்னைப் பற்றிய கடிதம். "உன் கடுதாசிய நீயே படிச்சா எப்டி தம்பி? என் தராச நானே மெச்சிக்கற மாதிரி இல்ல?" என்று செட்டியார் முன்பே சொல்லிவிட்டார்.

அது நான் வேலை பார்த்த பஞ்சாலையின் துரை கொடுத்த கடிதம். நான்கே வரி. முதல் வரியில் என் பெயர். இரண்டாவதில் நான்கு மாதம் சம்பளமில்லாத விடுப்பு. மூன்றாவதில், திரும்பி வந்தால் இடம் உண்டு. நான்காவது வரி: "இக்காலத்தில் மேற்படியார் வாங்கும் கடன்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல."

அந்த நான்காவது வரியைக் கேட்டதும் செட்டியார் முகம் எப்படி மாறும் என்று நினைத்து எனக்கு வியர்த்தது.

கன்னியப்பர் தொண்டையைச் செருமினார். "இவரு நம்பிக்கையான ஆளு. நாலு மாசம் லீவு குடுத்திருக்குது. பெரிய பரீட்ச எழுதப் போறாரு. ஊர்ல இருக்கற யாவாரிங்க இவருக்கு வேணுங்கறத குடுக்கணும். இவரு குடுக்கலன்னா..." இங்கே அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "கம்பெனி குடுக்கும்."

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லி வருகிறேன்.

அதற்குள் செட்டியார் படியைக் கையில் எடுத்துவிட்டார். "துவரம்பருப்பு எவ்ளோ தம்பி?"

"அரைப்படி" என்றது என் வாய்.

எதற்கு இந்த லீவு

இது இரண்டாவது உலகச் சண்டைக்கு ஓரிரு வருஷம் முந்திய கதை. போன வாரம் இதே பத்திரிகையில் எங்கள் வில்லியனூர் ஸ்டேஷனில் பதினான்கு தூண் என்று எழுதிவிட்டேன். பன்னிரண்டுதான். ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

அந்த ஸ்டேஷனிலிருந்து தினம் காலை ரயிலேறிப் புதுச்சேரிக்குப் போய், ஆலையில் நூல் மூட்டைகளை எண்ணிக் கணக்கு எழுதுவது என் வேலை. மாதம் பதினெட்டு ரூபாய். மூட்டை எண்ணுகிறவனுக்குப் பதவி உயர்வு என்றால் இன்னும் அதிகமான மூட்டைகளை எண்ணுவதுதான். பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் தேறினால் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகலாம், சம்பளம் இருபத்தைந்து, சாகும்வரை பென்சன். இரண்டு தரம் வேலை பார்த்துக்கொண்டே எழுதினேன், இரண்டு தரமும் தவறினேன். ரயிலில் படித்தால் ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம்தான் கிடைக்கிறது. அதிலும் திரும்பும்போது இடம் கிடைக்காது.

ஆகவே நான்கு மாத லீவு கேட்டேன். துரை கொடுத்தார், சம்பளத்தைக் கொடுக்கவில்லை.

கையிருப்பு இருபத்திரண்டு ரூபாய். வீட்டு வாடகை மாதம் இரண்டு வீதம் எட்டு. பரீட்சைக் கட்டணம் ஐந்து. புத்தகம் ஆறு. மிச்சம் மூன்று. மளிகை மாதத்துக்கு ஒன்பது ரூபாய் ஆகும். நான்கு மாதத்துக்கு முப்பத்தாறு. மூன்று ரூபாயை முப்பத்தாறாக்கும் கணக்கு எனக்கு எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. செட்டியார் கடன் கொடுத்தால் பரீட்சை. கொடுக்காவிட்டால் மறுபடியும் மூட்டை.

என் மனைவி அலமேலு ஏம்பலத்துக்காரி. கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டுப் பெண். அவளிடம் தாளைக் காட்டி விளக்கினேன்.

"எங்கப்பா வருசம் பூரா சம்பளமில்லாமத்தான் இருக்காரு. அறுப்புக்கு அறுப்பு காசு. அவருக்கு எவனும் கடுதாசி கேக்கலியே" என்றாள்.

"அவருக்கு நிலம் இருக்கிறது."

"உங்களுக்குத்தான் தல இருக்குதே. அத்த நம்பி குடுக்க மாட்டாரா?"

மாட்டார். மாதச் சம்பளக்காரனுக்குச் செட்டியார் முகம் பார்க்காமல் கொடுப்பார். ஒன்றாம் தேதி ரயில் அவனைக் காசோடு கொண்டு வந்து இறக்கிவிடும். விவசாயிக்கு வயலைப் பார்த்துக் கொடுப்பார். நான் இரண்டிலும் சேராதவன். "சம்பளமில்லாத லீவுன்னா இன்னாபா? வேலைய வுட்டு அனுப்பிட்டத மரியாதையா சொல்றதா?" என்று கேட்டவர் அவர். அதனால்தான் அந்தக் கடிதம் வேண்டியிருந்தது.

ஐம்பத்தைந்து மணி நேரம்

கடன் வாங்க அனுமதி கிடைத்தாலும் நினைத்தபோது வாங்க முடியாது. அதற்கும் முறை உண்டு. காலையில் போணி ஆகும்வரை கடன் இல்லை. முதல் காசு பெட்டியில் விழ வேண்டும். விளக்கு வைத்தபின் கடன் இல்லை, லட்சுமி கோபித்துக்கொள்வாள். செவ்வாயும் வெள்ளியும் நாள் முழுக்கக் கடன் இல்லை. உப்பு எந்த நாளும் எந்த நேரத்திலும் கடனில்லை. உப்பைக் கடனாகக் கொடுத்தால் கொடுத்தவன் வீட்டுக்கும் ஆகாது, வாங்கியவன் வீட்டுக்கும் ஆகாது என்பது அவர் குடும்பத்தின் கட்டுப்பாடு.

நான் அட்டவணை போட்டேன். கடை காலை ஆறிலிருந்து இரவு எட்டுவரை. பதினான்கு மணி, ஏழு நாள், தொண்ணூற்றெட்டு. போணிக்கு முன்னால் தினம் ஒரு மணி வீதம் ஏழு போயிற்று. விளக்கு வைத்தபின் தினம் இரண்டு மணி வீதம் பதினான்கு போயிற்று. செவ்வாய் வெள்ளியில் எஞ்சியது தலா பதினொன்று, அதுவும் போயிற்று. ஆக, வாரத்தில் கடன் வாங்கத் தோதான நேரம் ஐம்பத்தைந்து மணி.

அதிலும் அக்கம்பக்கத்தார் காதில் விழாமல் வாங்கக்கூடிய நேரம் பகல் இரண்டிலிருந்து மூன்றுவரைதான். அப்போது கடையில் ஈ காக்கை இருக்காது. செட்டியார் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் போணியாகும் முன்பே போய்விட்டேன். செட்டியார் கையெடுத்துக் கும்பிட்டார். "தம்பி, அப்டி ஓரமா நில்லு. யாராவது காலணாவுக்கு வெத்தல வாங்கட்டும்." ஐம்பத்தைந்து நிமிஷம் நின்றேன். கடைசியில் வந்து வெற்றிலை வாங்கியவர் கன்னியப்பர். வாங்கிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் காலணா அவர் மடியில் இருந்த கடைசிக் காசு என்று பிறகு தெரிந்தது. செட்டியார் பேரேட்டில் அவர் பக்கமும் என் பக்கமும் எதிரெதிராக இருந்தன. மூடும்போதெல்லாம் எங்கள் பாக்கிகள் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொள்ளும்.

வெள்ளையடித்த கடை

இப்படி மூன்று மாதம் ஓடிற்று. பாக்கி இருபத்தேழு ரூபாய். பரீட்சைக்கு இன்னும் இருபத்தொன்பது நாள். நான் தேரடிப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் வினைச்சொற்களை உருப்போட்டுவிட்டு வரும் வழியில், செட்டியார் கடை முகப்புக்கு ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். மனிதர் சாதாரணமாகப் பொங்கலுக்கே அடிக்க மாட்டார்.

"என்ன செட்டியாரே, வீட்டில் விசேஷமா?"

"மேரிலேருந்து நோட்டீசு வந்துது தம்பி. தேருக்கு வடம் புடிக்க கவர்னர் துரை வராரில்ல. கடை வாசல சுத்தமா வெச்சிக்கணுமாம். சொல்தா படிச்சி சொன்னாரு."

மேரி என்பது எங்கள் கொம்யூன் அலுவலகம், பஞ்சாயத்து ஆபீஸ் மாதிரி. நோட்டீஸ் கம்பிக் கொக்கியில் என் லீவுக் கடிதத்தின் மேல் குத்தியிருந்தது. செட்டியார் மிளகாய் நிறுப்பதற்குள் படித்துவிட்டேன். தேரும் இல்லை, துரையும் இல்லை. பத்து நாளுக்குள் எடைக்கல், படி எல்லாவற்றையும் மேரிக்குக் கொண்டுவந்து முத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் அவை பறிமுதல், நாற்பது ரூபாய் அபராதம், கடைக்குப் பூட்டு. நோட்டீஸ் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

மிளகாய்ப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். சொன்னால் சொல்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது வெளியாகும். அது வெளியானால் என் கடிதம் என்ன ஆகும்? கடிதம் போனால் கடன் போகும், கடன் போனால் பரீட்சை போகும். சொல்லாவிட்டால் செட்டியாருக்கு நாற்பது ரூபாய். என் பாக்கி இருபத்தேழு. இரண்டையும் எழுதி வைத்துப் பார்த்தேன், எந்தப் பக்கம் கூட்டுவது என்று புரியவில்லை.

அலமேலு தாளை எட்டிப் பார்த்தாள். "இதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு? கடைய பூட்டிட்டா அப்பறம் யாருகிட்ட கடன் வாங்குவீங்க?"

எனக்கு அது தோன்றவே இல்லை.

"அது மட்டுமா," என்றாள், "அந்த மனுசன் கல்லப் பறிகுடுத்துட்டு நிக்கறப்ப, நீங்க புளியமரத்தடில குந்திகினு படிப்பீங்களா?"

கண்ணாடியின் குற்றம்

நேரே கன்னியப்பர் வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பட்டாளத்துப் பூட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை, துடைப்பதோடு சரி.

நோட்டீசில் இருப்பதைச் சொன்னேன். துணி நின்றது.

"தம்பி, எனக்கு வாய்ல எல்லாம் வரும். துரைங்களோட பதினஞ்சி வருசம் பேசினவன். காயிதத்துல வந்தா மட்டும்... அது வேற ஆளு மாதிரி இருக்குது."

"என் கடிதத்தைப் படிக்கும்போது?"

"ஒரு வாரமா நீ அந்தக் கடைல நின்னு கெஞ்சினத பாத்துகினுதானே இருந்தேன். ஒரு கம்பெனி எழுதினா இப்டித்தானே எழுதும்னு நெனச்சேன்." கொஞ்சம் தயங்கி, "எழுதலியா?" என்றார்.

"எழுதவில்லை."

"கஞ்சப் பசங்க."

இருவரும் யோசித்து ஒரு வழி கண்டோம். கண்ணாடி இல்லாததன் மேல் பழியைப் போடுவது. எங்கள் தெரு தையற்காரரிடம் ஒரு மூக்குக்கண்ணாடி இரவல் வாங்கினோம். நோட்டீசில் உள்ள நான்கு வாக்கியத்தையும் நான் சொல்லச் சொல்ல, கன்னியப்பர் விறைத்து நின்று ஒப்பித்தார். மூன்று தரம் சொன்னதும் மனப்பாடம். எனக்கு அந்த நான்கு வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சொன்ன விதம்! புத்தகத்தில் செத்துக் கிடந்த சொற்கள் அவர் வாயில் பூட்ஸ் போட்டு நடந்தன.

மறுநாள் போணியானதும் கடைக்குப் போனோம். கன்னியப்பர் கண்ணாடியை மாட்டினார். "செட்டியாரே, அன்னிக்கி கண்ணாடி இல்லாம படிச்சேன். அந்த நோட்டீச எடு, மறுபடி படிக்கறேன்."

முதலில் பிரெஞ்சில் முழங்கினார். பிறகு தமிழில். செட்டியார் கையிலிருந்த முறம் சாய்ந்து உளுந்து சிதறியது.

"நாப்பது ரூபாயா! அடப்பாவி, எட்டணாவுக்கு சுண்ணாம்பு வாங்கி அடிச்சேனேயா!"

"வாசலு நல்லாத்தான் இருக்குது" என்றார் கன்னியப்பர்.

அத்தோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். செட்டியார் கொக்கியிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவினார்.

"சொல்தா, இந்தத் தம்பியோட லீவு கடுதாசியும் கண்ணாடி இல்லாமதானே படிச்ச? இதயும் ஒரு வாட்டி படிச்சிடு."

இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. கன்னியப்பர் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தையற்காரரின் கண்ணாடிக்குள் அவர் கண்கள் கோலிக்குண்டு போலப் பெரிதாகத் தெரிந்தன. அவர் இன்னொரு பொய் சொல்லத் தயாராகிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்காகத்தான்.

"கொடுங்கள், நான் படிக்கிறேன்" என்று வாங்கினேன். நான்கு வரியையும் படித்தேன். நான்காவது வரியை மட்டும் மறுபடி ஒரு தரம் உரக்கப் படித்தேன்.

செட்டியார் உளுந்தைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "கம்பெனி பொறுப்பில்ல. அப்ப மூணு மாசமா நான் யாரை நம்பி குடுத்தேன்?"

"என்னைத்தான்."

"நான் பொறுப்பு! என் பென்சன்ல எழுதிக்க!" என்று கன்னியப்பர் நெஞ்சில் தட்டினார்.

"நீ சும்மா இரு. உன் பாக்கியே ரெண்டு பென்சன் தாண்டி நிக்குது." செட்டியார் நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தனுக்குப் படிக்க வரும், பேச வராது. ஒருத்தனுக்குப் பேச வரும், படிக்க வராது. ரெண்டு பேரயும் கூட்டினா ஒரு முழு ஆளு வரான். கெளம்புங்க மேரிக்கு. கல்ல எவன் தூக்கறது?"

கடனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

ஒன்பது கல், மூன்று படி. கோணியில் கட்டி மூவரும் சுமந்தோம். மேரியில் நான் காதில் ஓத, கன்னியப்பர் விறைத்து நின்று பிரெஞ்சில் முழங்க, மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். "ஏன்யா கத்தற? தமிழ்ல சொல்லு. எனக்கு ஊரு பாகூரு."

உருப்படிக்கு இரண்டணா வீதம் பன்னிரண்டுக்கும் ஒன்றரை ரூபாய். திரும்பும்போது செட்டியார் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "வூட்ல பருப்பு தீந்திருக்குமே. இன்னிக்கி வியாழக்கெழமதான்."

முப்பத்தெட்டு ரூபாய் ஐந்தணா

மிச்சமிருந்த நாளெல்லாம் சாயங்காலம் கன்னியப்பரோடு பிரெஞ்சு பேசிப் பழகினேன். வாய்மொழிப் பரீட்சையில்தான் நான் இரண்டு தரமும் தவறியிருந்தேன். இந்தத் தரம் பரீட்சை துரை கேட்ட முதல் கேள்விக்கே குதிகாலைச் சேர்த்து நின்று முழங்கினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பட்டாளத்தில் இருந்தாய் என்று கேட்டார். வேண்டியதைவிட இரண்டு மதிப்பெண் கூடுதலாகத் தேறினேன்.

பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. செட்டியார் பாக்கி முப்பத்தெட்டு ரூபாய் ஐந்தணா. என் நோட்டிலும் அதே தொகை. மூன்று தவணையில் தீர்த்தேன். தீர்த்த அன்று, பேரேட்டில் என் பக்கத்தை ஒரு தரம் முழுதும் பார்க்க அனுமதி கேட்டேன். துவரம்பருப்பு பதினாறு இடத்தில் இருந்தது. புளி எட்டு. மண்ணெண்ணெய் பதினேழு. உப்பு ஓரிடத்திலும் இல்லை. என் நோட்டிலும் இல்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன்: "நான்கு மாதம் உப்பு எப்படி வந்தது? காசு ஏது?"

"கொழம்புல உப்பு இருந்துதா இல்லியா?"

"இருந்தது."

"அப்ப வந்துதுன்னு அர்த்தம்" என்று அலமேலு சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பருப்புப் பொட்டலத்துக்குள்ள தனியா ஒரு பொட்டணம் இருக்கும். மொத மாசமே போய் கேட்டேன். 'தவறி வுழுந்திருக்கும்மா, வாணாம்னா கொட்டிடு'ன்னாரு. வாரா வாரம் தவறி வுழுந்துது."

மறுநாள் ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டு, போணி நேரம் பார்த்து, கடைக்குப் போனேன். "உப்புக்கு" என்று நீட்டினேன்.

செட்டியார் பேரேட்டைத் திறந்து என் பக்கத்தைக் காட்டினார். "எங்க எழுதியிருக்குது? எழுதாத பாக்கிக்கு காசு வாங்கினா கணக்கு தப்பாயிடும் தம்பி. உனக்குத் தெரியாததா?"

கணக்கு தப்பாகும் என்று என்னிடமே ஒருவர் சொன்னால் நான் என்ன செய்வேன்? ரூபாயைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன். போணியும் செய்யாமல் வந்துவிட்டேன்.

இப்போது டாக்டர் எனக்கு நாளைக்கு ஒரு தேக்கரண்டி உப்புதான் என்று அளந்துவிட்டார். மருமகள் போடும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன். செட்டியார் கொடுத்த உப்பு மாதம் ஒன்றரைப் படி, நான்கு மாதம், ஆறு படி. செட்டியாரும் இல்லை, அந்தக் கடையும் இல்லை. அந்த ஆறு படியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மட்டும் இன்னும் எனக்குத் தெரியவில்லை.